உயிர் பெறும் ஓவியங்கள்

உயிரற்ற ஒரு பொருள் அசையும்போது அதற்கு உயிர் உண்டென நம் கண் மயங்குகிறது. இம்மயக்கம் தமிழர்க்குப் புதியதன்று. நாணுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில் (1020) திருவள்ளுவர், உள்ளத்தில் நாணம் இல்லாதவரின் நடமாட்டத்திற்குக் கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவையை உவமை காட்டுகிறார். சொன்ன அளவிலேயே படிப்பவர்க்கு விளங்கும் உவமையாக அது இருந்திருப்பின், பாவையாட்டம் அன்றே ஊரறிந்த கலையாக இருந்திருத்தல் வேண்டும். இன்று திரையிலும் கைப்பேசியிலும் நாம் காணும் கார்ட்டூன் படங்கள் அந்த மயக்கத்தின் வழிவந்தவையே. அனிமேஷன் என்னும் சொல்லும் உயிரூட்டுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து பிறந்ததாகும். தமிழில் இதனை இயங்குபடம் எனலாம்.

இயங்குபடம் ஆக்கும் முறைகளுள் பெரிதும் பேசப்படுவன மூன்று. கையால் வரைவது ஒன்று. கணிப்பொறிக்குள் முப்பரிமாண உருவம் சமைத்து ஆட்டுவது மற்றொன்று. ஃப்ளாஷ் என்னும் மென்பொருளால் பெயர்பெற்ற தட்டை உருவ முறை பிறிதொன்று. இவற்றுள் எது சிறந்தது என்னும் வாதம் நம் மாணவரிடையே அடிக்கடி எழுகிறது. முப்பரிமாணமே முன்னேற்றம், கையால் வரைவது பழங்கதை என்பார் பலர். அக்கருத்து எனக்கு உடன்பாடன்று. இம்மூன்றையும் பிரித்தறிய ஒரே வினா போதும் என்பது என் துணிபு. இடைப்படத்தை வரைவது யார் என்பதே அவ்வினா.

கையின் உழைப்பு

திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்களாக ஓடுகிறது. ஒவ்வொரு படத்தையும் இரண்டு சட்டங்களுக்கு நிறுத்திவைத்தால் நொடிக்கு 12 படங்கள் போதும். கண் அதனை ஏற்றுக்கொள்ளும். அவ்வாறு சிக்கனம் பிடித்தாலும் 10 நிமிடப் படத்திற்கு 7,200 படங்கள் வேண்டும். இத்தனையையும் ஒருவரே வரைவதில்லை. தலைமை ஓவியர் அசைவின் முக்கிய நிலைகளை மட்டும் வரைவார். காளை தலை தாழ்த்தி நிற்பது ஒரு நிலை. கொம்பை உயர்த்தி வீசுவது மற்றொரு நிலை. இவ்விரண்டிற்கும் நடுவே வரவேண்டியவற்றை இளநிலை ஓவியர் வரைவார். அவையே இடைப்படங்கள். பின்னர் அவற்றை ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு தாளில் படியெடுத்து, வண்ணம் தீட்டி, பின்னணி ஓவியத்தின்மேல் வைத்து ஒவ்வொன்றாகப் படம் பிடிப்பர். 1914இல் அமெரிக்கரான ஏர்ல் ஹர்ட் கண்ட இம்முறையால், மரமும் மலையும் ஒருமுறை வரைந்தால் போதும் என்றாயிற்று. அதற்குமுன் மரத்தையும் மலையையும் கூட ஒவ்வொரு தாளிலும் வரைந்தார்கள் என்றால் அவர்களின் பொறுமையை என்னென்பது!

நம் நாட்டில் இக்கலை முறையாக வேரூன்றியது பம்பாயில், மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன் நிறுவனத்தில். டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் அங்கு வந்து நம் ஓவியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அப்பயிற்சியின் பயனாக, புத்த சாதகக் கதையொன்றைத் தழுவிய ‘தி பேன்யன் டியர்’ 1957இல் வெளிவந்தது. அங்குப் பயின்றவர்களுள் ஒருவர் ராம்மோகன். 1989இல் ஏவி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட ‘ராஜா சின்ன ரோஜா’ படத்தில் ரஜினிகாந்தும் குழந்தைகளும் கார்ட்டூன் விலங்குகளோடு ஆடிப்பாடும் காட்சியை நாமெல்லாம் கண்டு களித்திருக்கிறோம். அவ்விலங்குகளுக்கு உயிரூட்டியவர் இந்த ராம்மோகனே. நடிகர் பார்க்கும் திசை ஒன்றும், வரைந்த விலங்கு நிற்கும் இடம் வேறொன்றுமாக ஒரு விரற்கடை பிசகினாலும் காட்சி கெட்டுவிடும். அதனைக் கையாலேயே பொருத்தியிருக்கிறார்கள்.

இனி நம் பள்ளத்தாக்கின் மலைமாட்டை எண்ணிப் பார்ப்போம். மாடு நடக்கையில் கால்கள் ஓர் ஒழுங்கில் பெயர்கின்றன: இடப்பக்கப் பின்னங்கால், இடப்பக்க முன்னங்கால், பிறகு வலப்பக்கப் பின்னங்கால், வலப்பக்க முன்னங்கால். மந்தையின்பின் நடந்து பழகியவர்க்கு இது கண்ணில் பதிந்திருக்கும். ஆயினும் வரையச் சொன்னால் பலர் தடுமாறுவர். கால்கள் மட்டுமல்ல. உடல் நின்ற பின்னரும் திமில் ஒரு கணம் ஆடும். கழுத்தின் கீழ் தொங்கும் அலைதாடி அதற்கும் சற்றுப் பிந்தி ஆடி அடங்கும். எல்லா உறுப்பும் ஒரே கணத்தில் புறப்பட்டு ஒரே கணத்தில் நின்றால் அது மாடு அன்று, அட்டை. கையால் இடைப்படம் வரைபவர் ஒவ்வொரு படத்திலும் திமிலை எங்கே வைப்பது என்று தாமே முடிவு செய்கிறார். சினத்தை மிகுத்துக்காட்ட விரும்பினால் கழுத்தை இயற்கைக்கு மீறி நீட்டுவதும் அவர் உரிமை. கைமுறையின் செல்வம் இதுவே.

தோற்பாவையின் பேரன்

ஃப்ளாஷ் முறைக்கு வருவோம். 1996இல் ஃபியூச்சர்ஸ்பிளாஷ் என்னும் பெயரில் வெளிவந்த மென்பொருளை அவ்வாண்டின் இறுதியில் மேக்ரோமீடியா நிறுவனம் வாங்கி ஃப்ளாஷ் எனப் பெயரிட்டது. 2005இல் மேக்ரோமீடியாவை அடோபி நிறுவனம் வாங்கியது. தொலைபேசிக் கம்பி வழியே இணையம் ஊர்ந்து வந்த காலம் அது. ஒரு நிமிட அசையும் படத்தை வரவழைக்கவே நெடுநேரம் காத்திருக்க வேண்டும். ஃப்ளாஷ் அந்த இடர்ப்பாட்டைத் தீர்த்தது எவ்வாறு?

மார்கழியில் வாசலில் இடும் கோலத்தை நினைவுகூர்க. பக்கத்துத் தெருவிலிருப்பவருக்கு அக்கோலத்தை அனுப்ப இரு வழிகள் உண்டு. அதனை ஒளிப்படம் எடுத்து அனுப்பலாம். அல்லது, “7 புள்ளி, 7 வரிசை, நேர்ப்புள்ளி” என்று தொடங்கிக் கோடு செல்லும் வழியை வாயால் சொல்லி அனுப்பலாம். சொல்லக் கேட்டவர் தம் வாசலுக்கு ஏற்பச் சிறிதாகவும் போடலாம், பெரிதாகவும் போடலாம்; கோடு சிதையாது. ஃப்ளாஷ் இவ்வாறே படத்தை அனுப்பாமல், படம் போடும் வழியை எண்களாக அனுப்பியது. ஆகவே கோப்பு சிறுத்தது.

இடைப்படத்தையும் அதுவே போட்டுக்கொண்டது. தொடக்க நிலையும் முடிவு நிலையும் கொடுத்தால் நடுவில் வருபவற்றைக் கணக்கிட்டு நிரப்பிவிடும். உருவத்தைத் தலை, உடல், மேற்கை, முன்கை எனத் துண்டுகளாக வரைந்து மூட்டுகளில் இணைத்து ஆட்டலாம். ஒருமுறை வரைந்த கையை நூறு காட்சிகளில் பயன்படுத்தலாம். இது முற்றிலும் புதியது என்று எண்ண வேண்டா. மதுரைப் பக்கத்திலும் குமரி மாவட்டத்திலும் மராத்தி பேசும் குடும்பத்தார் வழிவழியாக நடத்திவரும் தோற்பாவைக் கூத்தில் இதே நுட்பத்தைக் காணலாம். பதப்படுத்திய ஆட்டுத்தோலில் உருவம் வெட்டி, வண்ணம் தீட்டி, கைகளை மூட்டில் கோத்து, விளக்கொளி படும் வெண்திரையில் ஒற்றி ஆட்டுவர். ஃப்ளாஷ் உருவம் அந்தத் தோற்பாவையின் பேரன் எனலாம்.

பாட்டனின் குறையும் பேரனுக்கு உண்டு. பக்கவாட்டில் வரைந்த தோற்பாவை நம் பக்கம் முகம் திருப்ப இயலாது. திருப்ப வேண்டுமாயின் வேறு பாவை வேண்டும். கணிப்பொறி நிரப்பும் இடைப்படங்கள், வேகத்தை நாம் திருத்தாவிடில், சம அளவான இடைவெளி உடையனவாக அமைகின்றன. திமில் பிந்த வேண்டும் என்பது பொறிக்குத் தெரியாது. ஆனால் ஆண்டிபட்டி வட்டாரத்துக் காற்றாலையை ஆட்ட இதைவிட எளிய முறை இல்லை. ஒரே ஓர் இறக்கையை வரைந்து மூன்றாக்கிச் சுழலவிட்டால் போதும். மூன்றும் ஒன்றுபோல இருப்பதால் 120 பாகை திரும்பியதும் பழைய படமே மீண்டும் வந்துவிடும். (ஒரு வேடிக்கை: ஒவ்வொரு சட்டத்திலும் சரியாக 120 பாகை திருப்பினால் ஆலை நின்றுவிட்டதாகத் தோன்றும், 110 பாகை திருப்பினால் பின்னோக்கிச் சுழலும். இயற்பியல் மாணவர்கள் செய்து பார்க்க.) நடுத்தர வேகத்தில் சுழலும் இறக்கைக்குச் சம இடைவெளி குற்றமன்று, குணம்.

ஃப்ளாஷில் கையால் ஒவ்வொரு படமாக வரைவதற்கும் வழி இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்படி வரைந்தவர் சிலரே.

சுருளி அருவி

கணிப்பொறியின் முப்பரிமாண முறை மரப்பாவையின் வழிவந்தது. உருவத்தை எல்லாப் பக்கமும் உள்ளதாகச் சமைத்து, உள்ளே எலும்புக்கூடு போன்ற அமைப்பைப் பொருத்தி, அதனை அசைத்து, ஒளியும் நிழலும் கணக்கிட்டு ஒவ்வொரு சட்டமாக வெளியிடுவர். பாவையை எப்பக்கம் திருப்பினாலும் புதிதாக வரைய வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1995இல் வந்த ‘டாய் ஸ்டோரி’ முழுவதும் இம்முறையில் ஆன முதல் முழுநீளப் படம். ஐந்தே ஆண்டுகளில், 2000இல், சென்னையைச் சேர்ந்த பென்டாமீடியா நிறுவனம் ‘பாண்டவாஸ்’ என்னும் முழுநீளப் படத்தை முப்பரிமாணத்தில் வெளியிட்டது என்பது தமிழகம் பெருமைப்படத்தக்க செய்தி. 2007இல் தமிழிலேயே ‘இனிமே நாங்கதான்’ வந்தது. அதற்கு இசையமைத்தவர் நம் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா.

இம்முறையின் ஆற்றலை அறியச் சுருளி அருவியை எண்ணுக. கையால் வரைபவர் நீரோட்டத்திற்குச் சில படங்கள் வரைந்து அவற்றையே சுழற்சியாக ஓட்டுவார். ஃப்ளாஷிலும் ஏறத்தாழ அதுவே. முப்பரிமாண முறையிலோ, நீரைக் கணக்கற்ற துகள்களாகக் கொண்டு, ஒவ்வொரு துகளுக்கும் பிறப்பிடம், வேகம், ஆயுள் ஆகியவற்றைக் கொடுத்துப் புவியீர்ப்பின் வழியே விழவிடுவர். பாறையில் மோதினால் தெறிக்கும். காற்றடித்தால் சாரல் சாயும். 1982இல் ‘ஸ்டார் ட்ரெக்’ வரிசையின் இரண்டாம் படத்தில் தீச்சுவாலையைக் காட்ட வில்லியம் ரீவ்ஸ் கையாண்ட துகள் முறையிலிருந்து வளர்ந்தது இது. எந்தத் துளி எங்கே தெறிக்கும் என்று ஓவியரே முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஓவியர் விதியைத் தருகிறார். பொறி படத்தைத் தருகிறது. அருவிக்கும் புகைக்கும் கூந்தலுக்கும் இதனை வெல்ல வேறு முறை இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மனித முகத்தில்தான் இம்முறை சறுக்குகிறது. 2014இல் வெளிவந்த ‘கோச்சடையான்’ படத்தில் நடிகரின் உடலசைவை நேரடியாகப் பதிவு செய்து கணிப்பொறி உருவத்திற்கு ஏற்றினார்கள். இந்தியத் திரையுலகில் அது துணிச்சலான முயற்சி. எனினும் ரஜினியின் நடையையும் கண்வீச்சையும் நாற்பதாண்டுக் காலம் பார்த்துப் பழகிய தமிழ் மக்களை அந்தக் கண்கள் நிறைவு செய்யவில்லை என்பது என் எண்ணம். ‘ராஜா சின்ன ரோஜா’வின் விலங்குகள் உண்மை விலங்கு போல இல்லவே இல்லை, ஆயினும் அவற்றை நம்பினோம். உண்மையை நெருங்க நெருங்க நம் கண் கண்டிப்பான ஆசிரியராகி விடுகிறது.

கூலியும் கல்வியும்

இடைப்படத்தை வரைவது யார் என்னும் வினா கலையோடு நிற்பதன்று. அது வயிற்றுப்பாட்டு வினாவும் ஆகும். மேல்நாட்டு நிறுவனங்கள் முதன்மைப் படங்களைத் தாமே வரைந்துகொண்டு இடைப்படங்களையும் வண்ணப் பணியையும் கூலி குறைந்த ஆசிய நாடுகளுக்கு அனுப்பின; சென்னை, ஐதராபாத் போன்ற நகரங்களுக்கும் அப்பணி வந்தது. அதை நம்பி இளைஞர் பலர் பயிற்சி பெற்றனர். இடைப்படத்தைப் பொறி போடத் தொடங்கியதும் அக்கூலி குறுகியது. வரையத் தெரிந்தவர் தலைமைப் பணிக்கு உயர முடிந்தது. பொத்தான் அழுத்த மட்டும் கற்றவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

ஏலத் தோட்டத்திலும் திராட்சைத் தோட்டத்திலும் பெற்றோர் உழைத்துச் சேர்த்த பணத்தைக் கட்டி, நகரத்துத் தனியார் பயிற்சி மையங்களில் ஆறு மாதம், ஓராண்டு என்று மென்பொருள் கற்கச் செல்லும் நம் பகுதி மாணவர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். ஃப்ளாஷ் ஒரு காலத்தில் சாகாவரம் பெற்றது போல விளங்கியது. 2010இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் தம் கைப்பேசியில் அதற்கு இடமில்லை என வெளிப்படையாக எழுதினார். 2016இல் வரையும் மென்பொருளின் பெயரே அனிமேட் என மாறியது. ஃப்ளாஷ் படங்களை இணையத்தில் காட்டிய பிளேயரை அடோபி 2020 டிசம்பர் 31உடன் கைவிட்டது. ஃப்ளாஷ் பொத்தான்களை மட்டும் மனப்பாடம் செய்தவரின் கல்வி என்னவாயிற்று? ஆனால் திமில் எப்போது ஆடி அடங்கும் என்று அறிந்தவர் அடுத்த மென்பொருளுக்கு அதனை எடுத்துச் சென்றார். இப்போது நான்கு சொல் எழுதினால் முதன்மைப் படத்தையும் சேர்த்தே தரும் செயற்கை அறிவுக் கருவிகள் வந்துவிட்டன. அவை தருவது மாடா, அட்டையா என்று சொல்லவும் கண் வேண்டுமே!

கைமுறை செத்துவிட்டது என்பாருக்கு ஒரு செய்தி. 2024இல் இயங்குபடத்திற்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது, ஜப்பானிய மேதை மியாசாகியின் ‘தி பாய் அண்ட் தி ஹெரான்’ என்னும் கையால் வரைந்த படம். மறு ஆண்டு அவ்விருதைப் பெற்றது லாட்வியா என்னும் சின்னஞ்சிறு நாட்டின் ‘ஃப்ளோ’. வெள்ளத்தில் சிக்கிய பூனையின் கதை. ஒரு சொல்கூடப் பேசாத படம். அதனை ஆக்கப் பயன்பட்ட பிளெண்டர் என்னும் மென்பொருள் எவரும் விலையின்றிப் பெறக்கூடியது. நம் கல்லூரிக் கணிப்பொறியிலும் அதனை நிறுவலாம்.

அதற்கு முன்பாக, ஒரு ரூபாய்ச் செலவில்லாத பயிற்சி ஒன்று உண்டு. நோட்டுப் புத்தகத்தின் அடுத்தடுத்த பக்கங்களின் ஓரத்தில், 16 செ.மீ. உயரத்திலிருந்து பெரியகுளத்து மாம்பழம் ஒன்று விழுவதாக ஐந்து படங்கள் வரைக. முதலில் ஒவ்வொன்றுக்கும் 4 செ.மீ. இடைவெளி விட்டு வரைந்து, பக்கங்களை விரைந்து புரட்டிப் பார்க்க. அடுத்து வேறு பக்கங்களில், இடைவெளிகளை 1, 3, 5, 7 செ.மீ. என அமைத்து வரைக. விழும் பொருள் சம காலங்களில் கடக்கும் தொலைவு இந்த ஒற்றைப்படை எண்களின் வரிசையில் பெருகும் என்பது கலிலியோ கண்டது. முதலாவதில் பழம் நூலில் இறங்குவது போலிருக்கும். இரண்டாவதில் கனம் வந்திருக்கும். தரையைத் தொட்ட பின் பழம் பந்துபோல் துள்ளாது. ஒருமுறை அசைந்து, காம்புப் பக்கம் சாய்ந்து, சிறிது உருண்டு நிற்கும். அதற்கு எத்தனை படம் வேண்டும் என்பதைச் சித்திரை, வைகாசியில் ஏதேனும் ஒரு தோப்பில் நின்று எண்ணிக்கொள்ளலாம்.