ஆன்டிபாடியைக் குறை சொல்லுமுன்

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய வரைபடத்தைப் பார்த்தேன். எம்சிஎஃப்-7 மார்பகப் புற்றுநோய்ச் செல்களின் மேற்பரப்பில், செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் ஈ-கேடரின் புரதம் இல்லவே இல்லை என்கிறது ஃப்ளோ சைட்டோமீட்டர். தட்டிலேயே கரைத்து ஓட்டிய வெஸ்டர்ன் பிளாட்டிலோ பட்டை பளிச்சென்று விழுந்திருக்கிறது. ஆன்டிபாடி கெட்டுவிட்டதா, புதிதாக வாங்கலாமா என்று கேட்கிறாய். வாங்காதே. செல்களைத் தட்டிலிருந்து எதைப் போட்டு எடுத்தாய்?

டிரிப்சின்-ஈடிடிஏ என்றுதான் சொல்வாய். எல்லாரும் அதைத்தான் போடுகிறோம். ஈ-கேடரினின் வெளிப்பகுதியை விறைப்பாக நிறுத்தி வைப்பது கால்சியம். ஈடிடிஏ அதைப் பிடுங்கிக்கொண்டால் மிச்சத்தை டிரிப்சின் நறுக்கிவிடும். உன் ஆன்டிபாடி ஒட்ட வேண்டிய இடமே அப்போது இருக்காது.

கேடரின் குடும்பம் பிடிபட்டதே இந்தக் குழப்பத்தில்தான். 1970களில் மசதோஷி தகெய்ச்சி கியோட்டோவிலிருந்து பால்டிமோரின் கார்னகி ஆய்வகத்துக்குப் போனார். ஊரில் டிரிப்சின் போட்டுப் பிரித்த செல்கள் சீக்கிரமே மறுபடி ஒட்டிக்கொண்டன, அங்கே ஒட்டவில்லை. அந்த ஆய்வகத்து டிரிப்சின் கரைசலில் ஈடிடிஏ கலந்திருந்ததுதான் காரணம். கால்சியம் இருக்கும்வரை டிரிப்சினுக்கு அசையாத ஓர் ஒட்டும் ஏற்பாடு செல்களில் உண்டு என்று 1977இல் எழுதினார். நம்மில் பலர் கரைசலை மாற்றிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்போம்.

நீ டிரிப்சின் இல்லாமல் ஈடிடிஏ மட்டும் போட்டு எடு. நேரம் பிடிக்கும், பொறுமையிழந்து சுரண்டாதே, செத்த செல் எந்த ஆன்டிபாடியையும் வாரிக்கொள்ளும். சில ஆன்டிபாடிகள் கால்சியம் பிடித்த வடிவத்தை மட்டுமே அடையாளம் காணும். அதற்காகக் கால்சியம் சேர்த்தால் செல்கள் கூடிக்கொள்ளும். ஆகவே எல்லாவற்றையும் ஐஸில் செய், ஓட்டுமுன் வலையில் வடிகட்டு.

ஆன்டிபாடியோடு வந்த தாளையும் படி. குளோன் 36 என்ற ஆன்டிபாடி ஈ-கேடரினின் உள்வாலைப் பிடிப்பது; துளையிடாத உயிர்ச்செல்லில் அதற்கு வேலையில்லை. ஹெச்இசிடி-1 வெளிப்பகுதியைப் பிடிக்கும். ஐசோடைப் கன்ட்ரோல் மட்டும் போதும் என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஈ-கேடரின் இல்லாத எலியின் எல் செல்களையும், மனித ஈ-கேடரின் ஜீன் புகுத்திய அதே செல்களையும் பக்கத்தில் ஓட்டு.

ஒரே நாளில் வளர்த்த இரண்டு தட்டுகளை எடுத்து, ஒன்றில் பழையபடி டிரிப்சின்-ஈடிடிஏ, மற்றதில் ஈடிடிஏ மட்டும் போட்டுப் பார். இரண்டு வரைபடங்களையும் ஒரே அச்சில் போட்டு எனக்கு அனுப்பு. அதுவரை ஆர்டர் எதுவும் போடாதே.

அன்புடன்,
அக்கா