கண்படை நிலை

தொல்காப்பியர் புறத்திணையியலிற் பாடாண்டிணைக்குரிய துறைகளைத் தொகுத்துரைக்குமிடத்துக் கண்படை நிலை, துயிலெடை நிலை என்னும் இரண்டினையும் உடன் வைத்தார். வேந்தன் துயில்கொள்ளுதலும், சூதர் ஏத்த அவன் துயிலுணர்தலும் புலவர் பாடுதற்குரிய பொருளாயின என்பது இதனாற் பெறப்படும். ஆயின் துயில் வேந்தர்க்கு மட்டும் உரிய செல்வமன்று. உழைப்போர்க்கு அது பெரிதும் வேண்டப்படுவது. இவ்வுண்மையை அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் வாழ்க்கை கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அரியலூர் நிலம் சுண்ணாம்புக்கல் மிக்கது. அரசினர் சிமெண்டு ஆலை அங்கே 1979-இல் தொடங்கியது; பின்னர் ரெட்டிபாளையம், கோவிந்தபுரம், ஆலத்தியூர் முதலிய ஊர்களிலும் ஆலைகள் எழுந்தன. கல்லைச் சுடும் சூளையினுள் வெப்பம் ஏறத்தாழ 1450 பாகை. அதனை மாலையில் அணைத்துக் காலையில் மூட்டுதல் இயலாது. ஆதலின் ஷிப்டு முறையில் இரவெல்லாம் ஆட்கள் விழித்திருத்தல் வேண்டும். பெரம்பலூர்ப் பக்கத்திலோ, மக்காச்சோளக் கொல்லையைக் காட்டுப்பன்றி அழியாதவாறு காப்போரும், திருச்சி – சென்னை நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுவோரும் இரவைப் பகலாக்குகின்றனர். இவர்கள் விடிந்தபின் பாயிற் படுத்தாலும் கண் மூடுவது அரிது. அதன் காரணம் யாது?

நம் உடலகத்தே ஒரு கடிகாரம் உண்டு. அது கண்வழிப் புகும் ஒளியால் நாழிகையைத் திருத்திக் கொள்ளும். இருள் வந்துழி மெலடோனின் என்னும் பொருள் குருதியிற் பெருகும். ஒளி பட்டவுடன் குறையும். இக்கடிகாரம் இயங்கும் வகையை ஆராய்ந்து கண்ட ஹால், ராஸ்பாஷ், யங் என்னும் மூவர்க்கும் 2017-இல் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. இரவு உழைத்தவன் காலை வெயிலில் வீடு திரும்புகையில், உடல் ‘உறங்கு’ என்ன, கடிகாரம் ‘விழித்தெழு’ என்கிறது. இஃதன்றி, விழித்திருக்குந்தோறும் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்து உறக்கத்தை வருவிக்கும். காப்பியும் தேநீரும் அதன் வழியை அடைத்துவிடும். பருகிய காப்பியின் ஊக்கத்திற் பாதி, ஐந்து மணி கழிந்தும் உடலிற் பலர்க்கு எஞ்சியிருக்கும்.

மூன்றாவது காரணம் உள்ளத்தைப் பற்றியது. ஊரெல்லாம் துஞ்ச, நொச்சிப்பூ உதிரும் ஓசையையும் துயிலாதார் கேட்டிருந்ததைக் கொல்லன் அழிசியார் குறுந்தொகையிற் பாடினார். ‘உறக்கம் வரவில்லையே’ என்று புரள்வோர்க்குச் சிற்றோசையும் பேரோசையாம். நாளடைவிற் பாயே விழிப்பின் இடமாகிவிடும். தேர்வுக் காலத்து மாணவராகிய நாமும் இதனை நன்கறிவோம்.

இனி, பரிகாரங் கூறுவோம். நாள்தோறும் ஒரே வேளையில் எழுதல் முதலாவது. படுத்து ஏறத்தாழ இருபது நிமிடம் கழிந்தும் துயில் வாராதேல், எழுந்து மங்கிய ஒளியில் அமைதியான செயலொன்றிற் புகுந்து, கண் சோர்ந்தபின் மீண்டும் படுத்தல் இரண்டாவது. பாயும் துயிலும் ஒன்றையொன்று நினைப்பூட்டுமாறு செய்யும் இம்முறையைப் பூட்சின் என்னும் அறிஞர் 1972-இல் வகுத்தார். எஸ்தர் ஆகமத்தில் அகாஸ்வேரு அரசன் துயில் வாராத இரவிற் புரண்டு கிடந்திலன்; நாளாகமப் புத்தகத்தை வாசிக்கச் செய்து, மொர்தெகாய் செய்த நன்மையை அறிந்தான். பிற்பகலுக்குப்பின் காப்பியையும், படுக்கையிற் கைப்பேசியையும் விலக்குதல் மூன்றாவது.

இரவு வேலை செய்வோர்க்குச் சில தனியே உரியன. தேநீரை வேலையின் முற்பாதியோடு நிறுத்துக. வேலைக்கு முன் சிறிது கண்ணயர்க. வீடு திரும்பியவுடன் சன்னலைக் கரிய துணியால் மறைத்துப் படுக்க. உறக்கம் மிக்க கண்ணோடு வண்டி ஓட்டுதல் உயிர்க்கே கேடாம். அப்பொழுது பேருந்தே தக்கது. வாரத்தில் மூன்று இரவுக்கு மேலாக, மூன்று திங்கள் துயிலின்மை நீடிக்குமாயின் மருத்துவரை நாடுக. அரியலூரில் 2022 முதல் அரசினர் மருத்துவக் கல்லூரியும் உளது. மருத்துவர் எழுதித் தாராத உறக்க மாத்திரையைக் கடையில் வாங்கி உண்ணுதல் தீது.

இவையனைத்தும் உறங்குவோன் ஒருவனால் மட்டும் கைகூடுவனவல்ல. பகலில் ஒருவன் படுத்திருக்கக் கண்டு சோம்பன் என்று பழித்தலும், அவனருகே வானொலியை உரக்க வைத்தலும், சிறு வேலைக்கெல்லாம் தட்டி எழுப்புதலும் நம் ஊர்களில் நிகழ்வனவே. அவன் இழந்த உறக்கம் மறுநாட் சூளையருகே தலைச்சுற்றலாக வெளிப்படின், அதன் பழி யாரைச் சாரும்? துயில் கர்த்தர் தம் அன்பர்க்கு அளிக்கும் ஈவு என்பது 127-ஆம் சங்கீதத்தின் கருத்து. அவ்வீவு அயலானைச் சேருமுன் நம் ஆரவாரம் அதனைத் தடுத்தல் தகாது. அரசன் கண்படைக்குத் துறை வகுத்த மொழியினராகிய நாம், உழைப்போன் கண்படைக்குத் தெருவிற் சிறிது அமைதியேனும் வகுப்போமாக.