தொழிற்கல்விப் பிரிவு: மார்க் குறைந்தவர்களுக்கு மட்டுமா?



பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் எல்லோரும் கேட்பது, "என்ன குரூப் எடுக்கப் போற?" என்பதுதான். நான் "தொழிற்கல்வி, எலக்ட்ரிக்கல்" என்று சொன்னதும் பக்கத்து வீட்டு மாமா, "ஏன்டா, மார்க் பத்தலையா?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது +2 படிக்கிறேன். தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. பள்ளியிலேயே தொழிலும் கற்றுத்தர வேண்டும் என்று 1964-66-ல் இயங்கிய கோத்தாரி கல்விக்குழு பரிந்துரை செய்தது. 1978-ல் தமிழ்நாட்டில் கல்லூரியில் இருந்த பி.யு.சி. போய், பள்ளியில் +2 வந்தது. அப்போதே தொழிற்கல்விப் பிரிவும் வந்துவிட்டது. மின் பொறியியல், இயந்திரவியல், வேளாண் அறிவியல், செவிலியம், நெசவியலும் ஆடை வடிவமைப்பும், அலுவலக மேலாண்மை என்று பல பிரிவுகள் உண்டு. ஆனால் எல்லாப் பள்ளியிலும் எல்லாம் இருக்காது. தமிழ், ஆங்கிலம் எங்களுக்கும் உண்டு. அதோடு தொழில் பாடம் தியரியாகவும் செய்முறையாகவும் வரும்.

செய்முறையில் என்ன கிடைக்கும் என்பதற்கு எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். எங்கள் வீட்டு கிரைண்டரைத் தொட்டால் 'சுர்'ரென்று ஷாக் அடிக்கும். அம்மா பல வருடமாக மணைப்பலகை மேல் நின்றுதான் மாவு அரைப்பார். "ஈரக்கையில தொட்டா அப்படித்தான்" என்று எல்லோரும் சொல்லிவிட்டோம்.

+1-ல் எர்த்திங் பாடம் நடந்தது. 3 பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் ஏன் நீளமாகவும் தடிமனாகவும் இருக்கிறது என்று சார் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. செருகும்போது எர்த் முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும், அதற்குத்தான் நீளம். வயரின் இன்சுலேஷன் கெட்டு உலோக உடம்பில் மின்சாரம் கசிந்தால், அது எர்த் வயர் வழியாகப் போய்விடும். கசிவு அதிகமானால் ஃப்யூஸ் போகும். எர்த் இல்லையென்றால் தொடுகிற ஆள் வழியாகத்தான் தரைக்குப் போகும்.

அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்து பிளக்கைப் பார்த்தேன். சுவரில் இருந்தது 2 பின் சாக்கெட். அதில் பொருந்துவதற்காக யாரோ எர்த் வயரை வெட்டிவிட்டு 2 பின் பிளக் போட்டிருந்தார்கள்! நான் கை வைக்கவில்லை. சாரிடம் சொன்னேன். அவர் சொன்னபடி லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு, கிரைண்டருக்குள் கெட்டுப்போன வயரை மாற்றி, எர்த்தோடு 3 பின் சாக்கெட் போட்டோம். இப்போது அம்மா தரையில் நின்று மாவு அரைக்கிறார். பக்கத்து வீட்டு மாமாவும் ஒருநாள் வந்து, "எங்க வீட்டு பிளக்கையும் கொஞ்சம் பாருடா" என்றார்.

சரி, +2 முடித்தால் என்ன வழி? மூன்று வழிகளைச் சொல்கிறேன்.

1. பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். மூன்று வருட டிப்ளமோ இரண்டு வருடத்தில் முடியும். பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டிலும் நேரடியாகச் சேர வழி உண்டு.

2. பொறியியல் கலந்தாய்வில் தொழிற்கல்வி மாணவர்களுக்குத் தனி இடஒதுக்கீடு உண்டு.

3. அப்ரண்டிஸ் பயிற்சி. 1961-ம் வருடச் சட்டத்தை 1986-ல் திருத்தி எங்களையும் சேர்த்தார்கள். உதவித்தொகையோடு ஒரு வருடப் பயிற்சி. இதைக் கவனிக்கும் தென்மண்டல அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது.

குறையையும் மறைக்கக் கூடாது. எங்கள் பிரிவில் உயிரியல் கிடையாது. டாக்டர் கனவு இருப்பவர்கள் இதில் சேர வேண்டாம். +2 சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு வீடுகளுக்கு வயரிங் வேலை எடுக்கவும் முடியாது. அதற்கு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்று தனியாக வாங்க வேண்டும். 'சேர்ந்தால் உடனே வேலை' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பத்தாம் வகுப்புத் தம்பி தங்கைகளே! வேறு குரூப் கிடைக்கவில்லை என்று இங்கே வராதீர்கள். மார்க் நிறைய இருக்கிறது என்பதற்காக வராமலும் இருக்காதீர்கள். கையால் செய்து பார்த்துக் கற்றுக்கொள்ளப் பிடிக்குமா என்று மட்டும் உங்களையே கேட்டுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மதிய இடைவேளையில் ஒர்க் ஷாப் பக்கம் வாங்க. சாரும் இருப்பார், நாங்களும் இருப்போம்.

அதற்கு முன்னால், இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உங்கள் வீட்டு கிரைண்டர் பிளக்கில் எத்தனை பின் இருக்கிறது என்று பாருங்கள். பார்த்தால் போதும், கழற்ற வேண்டாம்!

— +2 தொழிற்கல்வி மாணவன், மின் பொறியியல் பிரிவு