மலையக மாணாக்கரும் ஆங்கிலப் பயிற்சியும்

ஒரு மொழியைக் கற்றலாவது அதன் சொற்களை மனத்திற் குவித்தல் அன்று. அம்மொழியில் ஒரு கருத்தைப் பிழையின்றி அமைக்கவும், பிறர் அமைத்ததைப் பிழையின்றி உணரவும் வல்லராதலே கற்றலாகும். இதனை மறந்து, பரீட்சைக்கு மூன்று மாதங்கள் இருக்கையில் மாதிரிக் கடிதங்களையும் கட்டுரைகளையும் நெட்டுருப் பண்ணும் வழக்கம் நம் மாணாக்கரிடையே வேரூன்றியுள்ளது. வினாத்தாளிற் கேட்ட பொருள் சிறிது மாறினும் நெட்டுருப் பண்ணியது உதவாது போகின்றது. அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை, நுவரெலியா முதலிய ஊர்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் மாணாக்கர்க்கு இதனால் விளையும் நட்டம் பெரிது. அவர்கள் தாமே கைக்கொள்ளத்தக்க ஒரு பயிற்சி முறையை இம்மலரில் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

அவர்தம் நிலை

முதலில் அவர்கள் நிலையைச் சிறிது நோக்குவோம். 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்யும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின்மேற் சுமத்திற்று. ஆயினும் அக்கல்வி தாய்மொழியில் எழுத்து, வாசிப்பு, எண் என்னும் அளவில் நின்றது. ஆங்கிலம் அதில் இடம்பெறவில்லை. 1945இல் இலவசக் கல்வி நாட்டில் நடைமுறைக்கு வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் அதன் புறத்தே நின்றன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதன் பின்னரே, 1970களின் பிற்பகுதி தொடக்கம், அப்பாடசாலைகள் படிப்படியாக அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தன.

இவ்வரலாற்றின் விளைவு யாது? நகரத்துப் பிள்ளைகள் பலர்க்கு வீட்டிலே தந்தையோ பாட்டனோ ஆங்கிலச் சொல்லொன்றைத் திருத்திக் கொடுத்த தலைமுறைகளில், தோட்டத்துப் பிள்ளைக்கு அத்துணை வாய்க்கவில்லை. இன்றும் பல வீடுகளில், விடியற்காலையிற் பிரட்டுக்குப் போன தாய் மாலையிற் கொழுந்து நிறுத்த பின்னரே லயத்துக்குத் திரும்புகின்றாள். பிள்ளை எழுதிய வாக்கியம் சரியோ பிழையோ என்று சொல்ல அவ்வீட்டில் ஒருவரும் இல்லை. ஆகவே நாம் தேட வேண்டுவது, திருத்துவோர் அருகில் இல்லாதபோதும் மாணாக்கன் தன் பிழையைத் தானே காண்பதற்கு உதவும் ஒரு முறை.

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலம் எல்லார்க்கும் உரிய பாடம். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியதோடு ஆங்கிலத்தை இணைப்பு மொழியெனவும் வகுத்தது. தோட்டத்தை விட்டு வெளியே தொழில் தேடும் இளைஞன் நேர்முகத் தேர்வில் முதலிற் சந்திப்பது இம்மொழியையே. தோட்டத்திலேயே வாழ்வோர்க்கும் சம்பளத் துண்டில் எவ்வெவை கழிக்கப்பட்டன, சேமலாப நிதிக் கடிதம் என்ன கூறுகிறது, மருந்துப் போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்தறியும் பிள்ளை வீட்டுக்கு ஒரு காவல். எனவே இப்பாடத்தில் ஒருவன் பெறுவதும் இழப்பதும் புள்ளிகள் மாத்திரம் அல்ல.

தமிழே அளவுகோல்

ஆங்கிலம் கற்குங்காலத்துத் தமிழை மறந்துவிட வேண்டும் என்பார் உளர். நாம் அதற்கு உடன்படோம். பிள்ளை நன்கு அறிந்த மொழி தமிழ். அதனை அளவுகோலாகக் கொண்டு, ஆங்கிலம் எவ்விடத்தில் ஒத்துச் செல்கிறது, எவ்விடத்தில் மாறிச் செல்கிறது என்று காண்பதே எளிய வழி. சில எடுத்துக்காட்டுகள் தருவோம்.

முதலாவது, சொற்களின் நிரல். 'சிறுத்தை நாயைக் கொன்றது' என்றாலும் 'நாயைச் சிறுத்தை கொன்றது' என்றாலும் தமிழிற் பொருள் ஒன்றே. இரண்டாம் வேற்றுமையுருபாகிய 'ஐ' நாயைப் பற்றி நிற்பதால், இடம் மாறினும் பொருள் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் அவ்வுருபு இல்லை. இடமே உருபின் வேலையைச் செய்கிறது. 'த லெப்பேட் கில்ட் த டோக்' என்பதிற் பெயர்களை இடம் மாற்றினால் நாய் சிறுத்தையைக் கொன்றதாகிவிடும். ஆதலின் செய்தவர், செயல், செயப்பட்டது என்னும் நிரலை முதலில் உறுதியாக்கிக்கொள்க.

இரண்டாவது, தமிழ் உருபு பெயருக்குப் பின் வரும். ஆங்கிலத்தில் அதன் வேலையைச் செய்யும் சொல் பெயருக்கு முன் வரும். 'அட்டனில்' என்பது 'இன் ஹட்டன்' ஆகும். இவ்வாறே பெயரெச்சத் தொடரும் தலைகீழாகும். 'நேற்று வந்த ஆசிரியர்' என்பதில் எச்சம் பெயருக்கு முன் நிற்கிறது. 'த ரீச்சர் ஹூ கேம் யெஸ்ரடே' என்பதிலோ பெயர் முந்த, அதனை விளக்கும் தொடர் பிந்துகிறது. நீண்ட ஆங்கில வாக்கியங்கள் விளங்காமற்போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பெயரைக் கண்டவிடத்துச் சற்று நின்று, பின்வரும் தொடர் எப்பெயரைப் பற்றியது என வினவுக.

மூன்றாவது, 'ஏ', 'ஆன்', 'த' என்னும் சிறுசொற்கள். இவை தமிழில் இல்லை என்று மாணாக்கர் அஞ்சுவர். 'ஓர் ஊரில் ஓர் அரசன் இருந்தான். அந்த அரசனுக்கு ஒரு மகள்' என்று பாட்டி கதை சொல்லும்போது, முதன்முறை கூறும் பொருளுக்கு 'ஓர்' என்றும், முன் கூறியதற்கு 'அந்த' என்றும் சொல்கிறாள் அல்லளோ? முதன்முறைக்கு 'ஏ', மறுமுறைக்கு 'த' என்னும் ஆங்கில வழக்கும் பெரும்பாலும் இதுவே. உயிர்முன் 'ஓர்' வருதல் போல, உயிரொலிமுன் 'ஆன்' வரும். ஆனால் இங்கு எழுத்தை நோக்காது ஒலியை நோக்க வேண்டும். மணி நேரத்தைக் குறிக்கும் 'அவர்' என்ற சொல் எழுத்தில் மெய் முதலாயினும் ஒலியில் உயிர் முதலாதலின் 'ஆன்' பெறும். 'யூனிவேசிற்றி' எழுத்தில் உயிர் முதலாயினும் ஒலியில் யகர மெய் முதலாதலின் 'ஏ' பெறும்.

நான்காவது, வினைச்சொல். தமிழ் வினைமுற்று திணை, பால், எண், இடம் யாவற்றையும் ஈற்றிற் காட்டும். ஆங்கில வினையோ நிகழ்காலத்திற் படர்க்கை ஒருமைக்கு மட்டும் 'ஸ்' என்னும் ஓர் ஈறு பெறும். 'ஐ பிளக்', 'தே பிளக்' என்போம். 'ஷீ பிளக்ஸ்' என்போம். எதிர்மறையிலும் வினாவிலும் 'டஸ்' என்னும் துணைவினை வந்து அவ்வீற்றைத் தான் ஏற்றுக்கொள்ளும். முதன்மை வினைக்கு மீண்டும் அதனைக் கொடுத்தல் பிழை. இறந்தகாலத்தில் 'டிட்' என்பதும் அவ்வாறே. 'ஹீ டிட் நொட் கேம்' என்று எழுதும் மாணாக்கர் பலர். தமிழில் 'அவன் வரவில்லை' என்கிறோம், 'வந்தவில்லை' என்பதில்லை. 'வர' என்பது காலம் காட்டாத வடிவம். ஆங்கிலத்திலும் 'டிட்' வந்தபின் காலம் காட்டாத 'கம்' என்பதே வரவேண்டும். இவ்வொப்புமையை ஒருமுறை உணர்ந்தவன் இப்பிழையைப் பின்னர்ச் செய்யான்.

ஐந்தாவது, செயப்பாட்டு வினை. பேச்சுத் தமிழில் 'படு' என்னும் துணைவினை அருகியே வரும். ஆங்கிலத்தில் ஒரு தொழின்முறையை விவரிக்கப் புகுந்தாற் செயப்பாட்டு வினை இன்றியமையாதது. இதனைப் பயிலத் தேயிலைத் தொழிற்சாலையினும் சிறந்த பாடநூல் இல்லை. கொழுந்து பறிக்கப்படுகிறது, வாட்டப்படுகிறது, உருட்டப்படுகிறது, நொதிக்க விடப்படுகிறது, உலர்த்தப்படுகிறது, தரம் பிரிக்கப்படுகிறது, பொதி செய்யப்படுகிறது. இவ்வேழு செயல்களையும் நிரலே ஆங்கிலத்தில் எழுதிப் பழகுக. 'பிளக்ட்', 'ரோல்ட்', 'கிரேடட்' என இவற்றுக்குரிய வினைகள் பெரும்பாலும் ஒரேவகை ஈறு பெறும் ஒழுங்கான வினைகள். பரீட்சையிற் கடதாசி செய்யும் முறை கேட்கப்பட்டாலும், தயிர் உறையவைக்கும் முறை கேட்கப்பட்டாலும், இவ்வேழு வாக்கியங்களின் அமைப்பு கைகொடுக்கும்.

சொல்வளம்

தோட்டத்துப் பிள்ளை ஆங்கிலச் சொல் அறியாதது என்று எண்ணுதல் தவறு. லயம் என்பது 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. பிரட்டு என்பது 'பரேட்' என்பதன் திரிபு. செக்ரோல், டிவிசன், பக்டரி, டீமேக்கர், கண்டக்டர் முதலியன நாள்தோறும் நம் காதில் விழுவன. தமிழும் ஆங்கிலத்துக்குக் கொடுத்துள்ளது: கங்காணி, கட்டுமரம், சுருட்டு முதலிய சொற்கள் ஆங்கில அகராதிகளில் ஏறியுள்ளன. எனவே மாணாக்கன் முதலிற் செய்யத்தக்கது, தன் தோட்டத்தில் வழங்கும் ஆங்கிலச் சொற்களையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி, அவற்றின் சரியான எழுத்துக்கூட்டலை அகராதியிற் கண்டு அருகே குறித்தல்.

அடுத்து, சொற்களைத் தனித்தனியாகப் பட்டியலிடாது குடும்பமாகச் சேர்த்துக் கற்க. வேலைக்கு அமர்த்தல் என்னும் பொருளுடைய 'எம்ப்ளோய்' என்பதிலிருந்து, 'எம்ப்ளோயர்' வேலை கொடுப்போரையும், 'எம்ப்ளோயீ' வேலை செய்வோரையும், 'எம்ப்ளோய்மென்ற்' தொழிலையும் குறிக்கப் பிறந்தன. முன்னே ஓர் ஒட்டுச் சேர 'அனெம்ப்ளோய்ட்' என வேலையற்ற நிலை குறிக்கப்படும். ஒரு வேரை அறிந்தவன் ஐந்து சொற்களை அறிந்தவனாகின்றான். நாளொன்றுக்கு ஒரு குடும்பம் போதும். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் தானே அமைத்த ஒரு வாக்கியத்தில் வைத்தல் வேண்டும். வாக்கியத்தில் வையாத சொல் பரீட்சை மண்டபத்தில் நினைவுக்கு வாராது.

வாசிப்பும் இருமுறை மொழிபெயர்ப்பும்

இனி, திருத்துவோர் இல்லாக் குறையை நீக்கும் வழியைக் கூறுவோம். இது புதியது அன்று. இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் அரசிக்கு இளமையில் ஆசிரியராயிருந்த ரோஜர் அஸ்கம், 1570இல் வெளியான தமது நூலில் இலத்தீன் கற்பதற்கு இதனையே விதித்தார். மாணாக்கன் இலத்தீன் பகுதியொன்றைத் தன் மொழியிற் பெயர்க்க வேண்டும். மூலத்தை மூடிச் சிறிது நேரம் கழித்து, அதனை மீண்டும் இலத்தீனில் ஆக்க வேண்டும். பின் மூலத்தோடு ஒப்பிட வேண்டும். அமெரிக்க நாட்டின் பெஞ்சமின் பிராங்கிளின் பள்ளியில் ஏறத்தாழ இரண்டாண்டுகளே பயின்றவர். அச்சுக்கூடத்திற் பயிலுநராக இருந்தபோது, 'ஸ்பெக்ரேற்றர்' என்னும் ஆங்கிலப் பத்திரிகையின் கட்டுரைகளிலிருந்து வாக்கியந்தோறும் சிறு குறிப்பு எடுத்துவைத்தார். சில நாட்களின் பின் குறிப்பைக் கொண்டு கட்டுரையைத் தாமே எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் தம் பிழைகளைத் திருத்திக்கொண்டார். அவர்க்கும் அருகிலிருந்து திருத்துவோர் இல்லை. கையில் இருந்த அச்சுத்தாளே ஆசிரியராயிற்று.

நம் மாணாக்கர் செய்ய வேண்டுவதும் இதுவே. பாடப்புத்தகத்திற் பத்து வரிகளைத் தேர்க. முதலில் உரத்து இருமுறை வாசிக்க. பின் நல்ல தமிழில் எழுதுக. மறுநாள் புத்தகத்தைத் திறவாது, அத்தமிழை ஆங்கிலமாக்குக. அதன்பின் புத்தகத்தைத் திறந்து ஒவ்வொரு சொல்லாக ஒப்பிட்டு, வேறுபட்ட இடங்களைச் சிவப்பு மையாற் கோடிடுக. ஒரு மாதம் இவ்வாறு செய்தவன் தன் சிவப்புக் கோடுகள் எங்கே திரள்கின்றன என்று காண்பான். ஒருவனுக்கு அவை 'த' என்னும் சொல்லிலும், மற்றொருவனுக்கு வினையீற்றிலும் திரளும். தன் குறை எதுவென அறிந்தவன் அதனை மட்டும் பயின்று காலத்தை மிச்சப்படுத்துவான். வேறுபட்டதெல்லாம் பிழையன்று என்பதையும் இங்கு நினைவிற் கொள்க. ஐயமானவற்றைத் தனியே குறித்து வாரம் ஒருமுறை ஆசிரியரிடம் கேட்க.

வாசித்து விளங்கும் வினாக்களில், முதலில் வினாவையும் பின்னர்ப் பந்தியையும் வாசித்தல் நலம். அறியாத சொல் வந்தால் அங்கே நின்றுவிடாது, முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களைக் கொண்டு அதன் பொருளை உய்த்துணர்க. விடையை வினாவின் காலத்திலேயே எழுதுக. நாள்தோறும் அரைமணி நேரம் இப்பயிற்சிக்குப் போதும். வாரத்தில் ஒருநாள், கடந்த ஆண்டொன்றின் வினாத்தாளைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு முழுமையாகச் செய்க. மூன்று மாதத்து நெட்டுருவிலும் ஓராண்டு நாளும் செய்த அரைமணிப் பயிற்சி பயன் மிகத் தரும்.

பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்

தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தம் மக்களின் வாழ்வை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினார். 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகவும் தெரிவானார். அவர் ஆங்கிலம் கற்றது தம் மக்களை மறப்பதற்கு அன்று. அவர்தம் துயரை வெளியுலகம் கேட்கச் சொல்வதற்கே. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரும் 1848இற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதோடு அமையாது, 1872இல் வண்ணார்பண்ணையிற் சைவாங்கில வித்தியாசாலையையும் தொடங்கினார். தாய்மொழியையும் சமயத்தையும் விடாது ஆங்கிலத்தைக் கைக்கொள்ளல் இயலும் என்பதே இந்துக் கல்லூரிகளின் அடிப்படை நோக்கம்.

ஆகவே, ஆண்டுநிறைவைக் கொண்டாடும் இவ்வேளையிற் பழைய மாணவர் ஒவ்வொருவரும் ஒன்று செய்யலாம். தாம் பிறந்த தோட்டத்துப் பாடசாலைக்கு ஓர் அகராதியும், படித்து முடித்த ஆங்கிலப் பத்திரிகைகளும் அனுப்பலாம். சனிக்கிழமைகளில் ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடியவர், ஐந்து பிள்ளைகளின் கொப்பிகளை வாங்கி, அவர்கள் ஐயமெனக் குறித்த இடங்களை மட்டும் தெளிவாக்கலாம். கோடிடும் வேலையைப் பிள்ளையே செய்திருப்பான். எஞ்சியதைச் சொல்லிக்கொடுக்க ஒருவர் இருந்தாற் போதும். கட்டிடத்துக்குக் கல் கொடுத்தார் பெயர் கல்லிற் பொறிக்கப்படும். இவ்வுதவி செய்தார் பெயர் எங்கும் பொறிக்கப்படாது. ஆயினும் பரீட்சை மண்டபத்தில் ஒரு தோட்டத்துப் பிள்ளை அஞ்சாது பேனாவை எடுக்கும்போது, அவ்வுதவியின் பயன் அங்கே நிற்கும்.