மீன்தொட்டியும் வடிகுழாயும்

திருவனந்தபுரம் மாவட்டத்தில், அகத்தியர்கூட மலையின் அடிவாரத்தில் போனக்காடு என்னும் தேயிலைத் தோட்டச் சிற்றூர் உள்ளது. 1868 மீட்டர் உயரமுள்ள அம்மலையில் ஏறுவோர் இங்கிருந்தே நடக்கத் தொடங்குவர். இப்பகுதியின் ஓடைகள் கரமனை ஆற்றோடு சேர்ந்து, 1983இல் பயன்பாட்டிற்கு வந்த பேப்பாறை அணையில் தேங்குகின்றன. அந்நீர் அருவிக்கரையில் தூய்மை செய்யப்பட்டுத் திருவனந்தபுரம் நகரத்து வீடுகளுக்குச் செல்கிறது. ஆகவே அந்நகரத்து வீடுகள் பலவற்றில் மீன்தொட்டியை நிரப்புவதும் இம்மலை நீரே.

எனினும் ஓடை மீனுக்கும் தொட்டி மீனுக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. ஓடை தன் அழுக்கைத் தானே கொண்டு சென்றுவிடும். தொட்டியிலோ மீனின் கழிவும் எஞ்சிய இரையும் அங்கேயே அழுகும். அவற்றிலிருந்து அம்மோனியா என்னும் நச்சுப்பொருள் உண்டாகிறது. மணலிலும் வடிகட்டியிலும் வாழும் நுண்ணுயிர்கள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டின் தீமை குறைவே. ஆனால் அது நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகும். நீர் பளிங்குபோலத் தெளிந்திருந்தாலும் அதில் நைட்ரேட்டு மிகுந்திருக்கலாம். தெளிவை மட்டும் கண்டு நீரை மாற்றாமல் விடுவோர் பலர். அதன் விளைவை மீன்களே ஏற்கின்றன.

120 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் கொண்ட தொட்டியில் 50 செ.மீ. உயரத்திற்கு நீர் இருப்பின், அதன் அளவு 270 லிட்டர். வாரந்தோறும் பத்தில் மூன்று பங்கை மாற்றுவதாயின் 81 லிட்டர் நீரை இறக்க வேண்டும். குவளையால் மொண்டு ஊற்றினால் நேரமும் உடல்வலிமையும் வீணாகும். மேல்நீர் போகும், அடியில் படிந்த அழுக்கு போகாது. இதற்கு உரிய கருவி வடிகுழாயே. இதனைச் சைஃபன் என்றும் கூறுவர்.

வளையக்கூடிய நீண்ட குழாய் ஒன்றை நீரால் முழுதும் நிரப்பி, இரு முனைகளையும் விரலால் அடைத்துக்கொள்ள வேண்டும். ஒரு முனையைத் தொட்டி நீருக்குள் அமிழ்த்தி, மற்றதைத் தொட்டியின் நீர்மட்டத்திற்குக் கீழே தாழ்த்திப் பிடித்து விரல்களை எடுத்தால் நீர் ஓடத் தொடங்கும். வெளியே தொங்கும் நீண்ட பகுதியில் நீர் கீழ்நோக்கி விழுவதால் குழாயின் வளைவில் அழுத்தம் குறைகிறது. தொட்டி நீரின் மேற்பரப்பை அழுத்தும் காற்று, நீரை அவ்வளைவு வரை ஏற்றிவிடுகிறது. மின்சாரம் வேண்டா, மோட்டாரும் வேண்டா. சிலர் வாயால் உறிஞ்சித் தொடங்குவர். அழுக்கு நீர் வாய்க்குள் செல்லும் ஆதலால் அது கூடாது.

விரைவாக வடிக்க விரும்புவோர் குழாயின் வெளிமுனையை இன்னும் தாழ்த்தலாம். உராய்வைக் கருதாவிடின், உயர வேறுபாடு நான்கு மடங்கானால் வேகம் இரண்டு மடங்காகும். குழாயின் விட்டத்தைப் பெருக்குவது இதனினும் பயன் தரும்: விட்டம் இரண்டு மடங்கானால் குழாய்வாயின் பரப்பு நான்கு மடங்காகிறது. ஆனால் வாய் அகன்றால் சிறுமீன்களும் இழுக்கப்படும்; உள்முனையில் வலை கட்டுதல் நலம். நீர் விடவேண்டிய இடம் தொட்டியின் நீர்மட்டத்தைவிட மேலே இருந்தால் வடிகுழாய் பயன்படாது. அங்கு மட்டுமே மோட்டார் தேவை.

பழந்தமிழர் ஏரிகளில் அமைத்த குமிழித்தூம்பில் நீர் செல்ல நீரோடித் துளையும், வண்டல் செல்லச் சேறோடித் துளையும் இருந்தன. பாசனத்திற்கு நீர் போகும்போதே அடிச்சேறும் வெளியேறியது. மீன்தொட்டிக்கும் இதுவே வழி. குழாயின் உள்முனையில் அகன்ற குழல் ஒன்றைப் பொருத்தி மணலுக்குள் செலுத்தினால், மணல் சற்றே எழும்பித் தன் எடையால் மீண்டும் படியும். இலேசான அழுக்கு நீரோடு போய்விடும். மணற்பரப்பு முழுவதையும் ஒரே நாளில் கிளறாமல், வாரத்திற்கு ஒரு பகுதியாகச் செய்தல் சிறந்தது. நன்மை தரும் நுண்ணுயிர்களின் வீடும் அம்மணலே அன்றோ!

நீர் வடிக்குமுன் வெப்பமூட்டி, வடிகட்டி ஆகியவற்றின் மின்னிணைப்பை நிறுத்த வேண்டும். நீருக்கு வெளியே சூடேறும் வெப்பமூட்டியின் கண்ணாடி வெடிக்கக்கூடும்.

புதுநீர் ஊற்றுவதில் கூடுதல் கவனம் தேவை. மலையோடையில் குளோரின் இல்லை. நகரக் குழாய்நீரில் உண்டு. மனிதரை நோயிலிருந்து காக்கும் அதே குளோரின் மீனின் செவுள்களைப் புண்ணாக்கும், நுண்ணுயிர்களையும் அழிக்கும். குழாய்நீரை அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் நீங்கும். அவசரமாயின் சோடியம் தயோசல்பேட்டை உரிய அளவில் சேர்ப்பர். பழைய நீரின் வெப்பநிலையோடு புதுநீர் ஒத்திருக்கிறதா என்று பார்த்து மெல்ல ஊற்ற வேண்டும்.

வடித்த நீரைச் சாக்கடையில் விடுவது வீண். மீனுக்கு மிகையான நைட்ரேட்டு செடிக்கு உரம். நன்னீர்த் தொட்டியின் நீரை வாழைக்கும் கீரைப் பாத்திக்கும் பாய்ச்சலாம்.

பயிற்சி

1. வடிகுழாய் ஒரு நிமிடத்தில் 15 லிட்டர் வாளியை நிரப்பினால், அதே வேகத்தில் 81 லிட்டர் வடிய எவ்வளவு நேரம் ஆகும்? நீர்மட்டம் குறையக் குறைய வேகம் எவ்வாறு மாறும்?
2. தெளிந்த நீரையும் மாற்ற வேண்டுவது ஏன்? ஐந்து தொடர்களில் எழுதுக.
3. ‘நீரோடி’, ‘சேறோடி’ என்பன போல ‘ஓடி’ என முடியும் சொற்கள் இரண்டினை எழுதுக.