விருந்து வழங்கியும் விலகா விருந்தும்

விருந்தோம்பலை இல்லறத்தின் தலையாய கடனாகப் போற்றியது தமிழர் மரபு. விருந்தினர் வருவர், உண்பர், வாழ்த்தி விடைபெறுவர். வந்த விருந்து விடைபெறாமலே தங்கிவிடின் யாது செய்வது? அத்தகைய விருந்தினரையும் இயற்கை படைத்திருக்கின்றது. பிறிதோர் உயிரைச் சார்ந்து அதன் உடலினின்றே உணவு பெறும் உயிரை ஒட்டுண்ணி என்றும், உணவளிக்கும் உயிரை விருந்து வழங்கி என்றும் நம் விஞ்ஞான நூல்கள் கூறும். விரும்பி வழங்கும் விருந்தன்று எனினும், கலைச்சொல் அழகியதே. ஒட்டுண்ணிகளுள் பேனீக்கள் எனத்தகும் ஒரு குடும்பத்தை, பழமையான ஒரு வனத்தின் துணைகொண்டு ஈண்டு ஆராய்வாம்.

பேனீயின் இயல்பு

பேனீ என்பது பேன் அன்று, ஈயே. ஆயினும் அதன் வாழ்க்கை பேனின் வாழ்க்கையை ஒத்தது. உடல் தட்டையானது, எளிதில் நசுங்காத உறுதியுடையது. கால்களின் நுனியிலே கொக்கி போன்ற நகங்கள் உள. மயிரையும் இறகையும் பற்றிக்கொள்வதற்கு அவையே கருவி. இக்குடும்பத்துக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர் ஹிப்பொபொசிடே என்பது. குதிரையை உண்டு வாழ்வது என்னும் பொருள்படக் கிரேக்கச் சொற்களினின்று பிறந்தது அப்பெயர். இக்குடும்பத்தில் ஏறக்குறைய 200 இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் முக்காற் பங்கு பறவைகளிலும், எஞ்சியவை பாலூட்டிகளிலும் வாழ்வன. வெப்ப நாடுகளிலே புறாக்களின் இறகிடையே நண்டுபோற் பக்கமாக விரைந்தோடும் புறா ஈயும் இவற்றுள் ஒன்றாகும்.

இவற்றின் இனப்பெருக்கமே பெருவியப்புக்குரியது. வீட்டு ஈ நூற்றுக்கணக்கில் முட்டையிட்டுச் செல்லும். பேனீயோ ஒரு நேரத்தில் ஒரு பிள்ளையையே பெறும். முட்டை தாயின் வயிற்றிலேயே பொரிக்கும். குடம்பி அங்கேயே தங்கி, பால் போன்ற ஒரு சுரப்பை உண்டு முழு வளர்ச்சி அடையும். வெளிவந்தபின் அஃது எதனையும் உண்பதில்லை. அதன் தோலே இறுகிக் கூடாகிவிடும். ஓர் ஈ தன் மகவைப் பாலூட்டி வளர்க்கின்றது என்றால் நம்புதல் அரிதன்றோ? ஆபிரிக்காவில் உறக்க நோயைப் பரப்பும் செற்சி ஈயும் இவ்வியல்புடைய உறவினமே.

வனமும் மானீயும்

போலந்து, பெலருஸ் என்னும் இரு நாடுகளின் எல்லையிலே பியலோவியெசா வனம் பரந்து கிடக்கின்றது. ஐரோப்பாவின் தாழ்நிலங்களை ஒருகாலத்தில் மூடியிருந்த பெருங்காட்டின் எச்சம் அது. போலந்துப் பகுதி 1979ஆம் ஆண்டில் உலக மரபுரிமைத் தலமாயிற்று. ஐரோப்பியக் காட்டெருதின் புகலிடம் இவ்வனமே. முதலாம் உலகப் போரின் அழிவிலே, 1919ஆம் ஆண்டளவில், அவ்வெருது இங்கு அற்றுப்போயிற்று. விலங்குக் காட்சிச்சாலைகளிலே தப்பியிருந்த சிலவற்றின் வழித்தோன்றல்களை 1929 முதல் இங்கே கொணர்ந்து பேணினர். 1952இல் மீண்டும் காட்டிலே திரியவிட்டனர்.

இவ்வெருதின் மயிரிடையேயும் செம்மானின் மயிரிடையேயும் மானீ வாழ்கின்றது. கோடையின் இறுதியிலும் இலையுதிர் காலத்திலும் அது நிலத்திற் கிடக்கும் கூட்டினின்று வெளிவரும். அப்போது அதற்குச் சிறகுண்டு. செடியிலே காத்திருந்து, கடந்து செல்லும் விலங்கின்மேற் பாய்ந்து பற்றும். பற்றியதும் சிறகிரண்டும் அடியோடு ஒடிந்து வீழும். அதன்பின் பறத்தல் என்பது இல்லை. வாழ்வும் இறப்பும் அவ்விலங்கின் உடலிலேயே. வாழ்நாளில் ஒருமுறையே அது தன் இடத்தைத் தேர்ந்துகொள்கின்றது. வழி தவறி மனிதர்மேல் வீழ்ந்தாலும் சிறகை இழக்கும். ஆனால் மனிதர் உடலில் அதன் குலம் தழைப்பதில்லை.

உழவாரனின் ஈ

இவ்வனத்துக்கு இன்னுமொரு சிறப்புண்டு. பிற இடங்களிற் பெரும்பாலும் கட்டடங்களிலே கூடமைக்கும் உழவாரக் குருவி, இங்கே முதுமரங்களின் பொந்துகளிற் கூடமைக்கின்றது. உழவாரன்களில் வாழும் பேனீக்குச் சிறகு குறுகிப் பறக்கும் ஆற்றல் இல்லை. குருவியோ ஆபிரிக்காவுக்குப் பறந்து செல்லும் இயல்பினது. ஈயின் குலம் அழியாதது எங்ஙனம்? அதன் கூட்டுப்புழுக்கள் குருவியின் கூட்டிலேயே கிடந்து பனிக்காலம் முழுவதும் காத்திருக்கும். குருவிகள் ஆண்டுதோறும் பழைய கூட்டையே நாடி வரும் வழக்கம் உடையன. அவை மீண்டு வந்து குடும்பம் நடத்தும் பருவத்திலே ஈக்களும் விழித்தெழும். குருவி வாராதொழியின் ஈயும் மாயும்.

தீங்கும் அளவும்

பேனீயாற் கேடில்லை என்று கூறவியலாது. புறாவின் குருதியில் வாழும் ஒரு நுண்ணுயிரைப் பரப்புவது புறா ஈயே என்பதை 1906இல் அல்ஜீரியாவில் சேர்ஜன் சகோதரர் நிறுவினர். பின்லாந்திலே 1960ஆம் ஆண்டளவிற் புகுந்த மானீ, எல்க் என்னும் பெரிய மானின் ஓருடலிலேயே பதினாயிரத்துக்கு மேற்படப் பெருகியதும் உண்டு. அங்கே காட்டுக்குச் செல்லும் மாந்தரும் தோலரிப்பால் வருந்துவர்.

எனினும் ஒக்ஸ்போர்ட்டிலே ஒரு கோபுரத்தில் வாழும் உழவாரன்களின் கூடுகளில், ஈக்களைக் கூட்டியும் குறைத்தும் ஆய்ந்த அறிஞர், குஞ்சுகளின் வளர்ச்சியில் வேறுபாடு காணவில்லை. இதன் காரணம் சிந்திக்கற்பாலது. அந்த ஈ தாய்ப்பறவையிடமிருந்து குஞ்சுக்கு, அதே கூட்டிலே செல்வது. குஞ்சு மடியின் ஈயின் வழியும் அடைபடும். ஆகவே அளவோடு உண்பதே அதற்கு நன்மை. வேறு போக்கிடம் உடைய ஒட்டுண்ணிக்கு அத்தகைய கட்டுப்பாடு குறைவு.

காக்க வேண்டியது எது?

பெருவிலங்கைக் காக்கும்போது அதன்மேல் வாழும் சிற்றுயிரையும் காத்தல் வேண்டுமா? அமெரிக்காவிலே அழிவின் விளிம்பில் நின்ற கலிபோர்னியாக் கொண்டோர்க் கழுகுகளில் எஞ்சிய அனைத்தையும் 1987ஆம் ஆண்டளவிற் பிடித்துப் பேணினர். உடலிலிருந்த பேன்களை மருந்திட்டு நீக்கினர். கழுகினம் பிழைத்தது, அக்கழுகிலன்றிப் பிறிதெங்கும் வாழாத ஒருவகைப் பேன் மறைந்துபோயிற்று. அதற்காகக் கண்ணீர் விட்டோர் சிலரே.

நோயைப் பரப்பும் உயிரை நாட்டிலும் வீட்டிலும் அடக்குதல் நம் கடமை; அதில் ஐயமில்லை. ஆனால், காப்புக்காடு என்பது வேறு. அங்கே நமக்கு உகந்தவற்றை மட்டும் வைத்து ஏனையவற்றைக் களைவோமாயின், அது காடாகாது, தோட்டமாகும். எருது பெயர்பெற்ற உயிர். அதனைக் காப்பதற்கு ஆட்கள் உளர். ஈக்குக் காவலாக இருப்பது அதன் விருந்து வழங்கி ஒன்றே. தன்னைத் தாங்கும் உயிர் இருக்கும்வரை அதுவும் இருக்கும். அவ்வுயிர் வீழின் அதுவும் வீழும். கண்ணுக்குத் தோன்றாத இச்சிற்றுயிர்களும் உடனிருந்து வாழும் காடே முழுமையான காடு. வனவிலங்குகளின் தொகையைக் கணக்கிடும் மாணாக்கர், அவற்றின் மயிரிடையேயும் இறகிடையேயும் உள்ள உயிர்களையும் அக்கணக்கிற் சேர்ப்பாராக.