உடல் எடையும் கருப்பை உட்படல நோயும்

முன்னுரை

'நோய்க்கும் பார், பேய்க்கும் பார்' என்பது நம் நாட்டுப்புறப் பழமொழி. என் பதினான்காம் வயதில் தொடங்கிய வயிற்று வலிக்கு என் வீட்டார் இரண்டையுமே பார்த்தனர். அரியலூர் மாவட்டத்தில் செந்துறைக்கு அருகிலுள்ள சிற்றூர் எங்களுடையது. மந்திரித்த கயிறு ஒன்று கையில் ஏறியது; மருந்துக் கடையில் வாங்கிய வலி மாத்திரை வயிற்றில் இறங்கியது. என் பாட்டி அதனைச் 'சூலை' என்றார். 'கலியாணம் ஆனால் சரியாகிவிடும்' என்று அக்கம்பக்கத்தார் கூறினர். நோயின் சரியான பெயரை நான் அறியப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. அப்பெயர் எண்டோமெட்ரியோசிஸ், தமிழில் கருப்பை உட்படல நோய் எனலாம்.

அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் வலியோடு மற்றொன்றும் சேர்ந்தது. அது உடல் எடை. வலியை எவரும் காணவில்லை. எடையை எல்லோரும் கண்டனர். பெரம்பலூர் செல்லும் பேருந்தில் இடம் கொடுத்தவர் முதல், வகுப்பில் பின்வரிசையில் முணுமுணுத்தவர் வரை, அதனைப் பற்றிப் பேசாதவர் குறைவு. விலங்கியல் கற்பிக்கும் நான், என் உடலைப் பற்றி மட்டும் ஊர் சொன்னதையே நம்பி, ஒரு பெரும் பிழையும் செய்தேன். அப்பிழையையும், அதிலிருந்து கற்ற பாடத்தையும் நம் மாணவியர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். மாணவர்களும் இதனைப் படித்தல் வேண்டும். அவர்கள் வீட்டிலும் அக்காவும் தங்கையும் உள்ளனர்.

நோயின் இயல்பு

கருப்பையின் உட்சுவரை மூடியிருக்கும் மெல்லிய படலம் மாதந்தோறும் வளர்ந்து, மாதவிலக்கின்போது உதிரத்துடன் வெளியேறுகின்றது. அப்படலத்தை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே, சூற்பையிலோ, கருக்குழாயிலோ, குடலை ஒட்டியோ வளர்வதே இந்நோய். அத்திசுவும் ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீருக்குக் கட்டுப்பட்டதே. அது கசியும் குருதி வெளியேற வழியில்லை. ஆகவே அவ்விடத்தில் அழற்சியும் தழும்பும் உண்டாகி, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் கூடும்.

1860 ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து அறிஞர் ரோக்கிட்டான்ஸ்கி இத்தகைய திசுவைப் பற்றி எழுதினார். மாதவிலக்குக் குருதியின் ஒரு பகுதி கருக்குழாய் வழியே பின்னோக்கிச் சென்று வயிற்றறையில் படிவதே காரணம் என்று 1927 இல் அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் விளக்கினார். ஆயினும் இவ்வாறு பின்னோக்கிச் செல்லுதல் பெரும்பாலான பெண்களிடம் நிகழ்கின்றது. நோய் சிலருக்கே வருகின்றது. எனவே மரபுப் பண்பும் உடலின் எதிர்ப்பாற்றலும் இதில் பங்கு பெறுகின்றன என்று இன்று கருதுவர். உலகில் மகப்பேற்று வயதிலுள்ள பெண்களுள் ஏறத்தாழ 10 விழுக்காட்டினர், அதாவது சுமார் 19 கோடிப் பேர், இந்நோயுடன் வாழ்கின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நாற்பது மாணவியர் அமர்ந்துள்ள வகுப்பில் மூவரோ நால்வரோ இருக்கக்கூடும் என்று பொருள்.

காலந்தாழ்ந்து கண்டறியப்படுதல் நம் சிற்றூர்களுக்கு மட்டும் உரிய குறையன்று. 1970 இல் சென்னையில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த எழுத்தாளர் பத்மா லட்சுமி, பதின்மூன்று வயது முதல் இவ்வலியால் துன்புற்றவர். நோயின் பெயரை அவர் அறிந்தது முப்பத்தாறாம் வயதில். அதன்பின் 2009 இல் மருத்துவர் ஒருவருடன் இணைந்து இந்நோய்க்கென ஓர் அறக்கட்டளையை நிறுவினார். செல்வமும் புகழும் நிறைந்த நகரத்தில் வாழ்ந்தவர்க்கே இருபதாண்டுகளுக்கு மேல் ஆயின என்றால், செந்துறைப் பக்கத்துப் பெண்ணுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆனதில் வியப்பில்லை.

இரு நோய், ஒரு பெயர்

ஸ்கேன் அறிக்கையைக் கையில் வாங்கியதும் நம் பகுதியில் பலரும் சொல்லும் சொல் 'நீர்க்கட்டி'. இச்சொல் இரு வேறு நோய்களுக்கு வழங்குகின்றது. சூற்பையில் சிறு சிறு முட்டைப் பைகள் பல தங்கி, மாதவிலக்குத் தள்ளிப்போவது ஒருவகை. அதனைச் சுருக்கமாகப் பி.சி.ஓ.எஸ். என்பர். எடை கூடுதலும் முகத்தில் முடி வளர்தலும் அதனுடன் பெரிதும் தொடர்புடையவை. மற்றொன்று, உட்படல நோயினால் சூற்பையில் உண்டாகும் கட்டி. பழைய குருதி நிறைந்து பழுப்பு நிறமாக இருப்பதால் 'சாக்லேட் கட்டி' என்பர். எனக்கு இருந்தது இரண்டாவது. என்னைப் பார்த்த ஒரு மருத்துவர், 'எடையைக் குறையம்மா, கட்டி தானே போய்விடும்' என்று கூறி அனுப்பிவிட்டார். அச்சொல்லால் ஓராண்டு வீணாயிற்று. இரண்டு நோயும் ஒருவர்க்கே இருத்தலும் உண்டு. ஆதலால் அறிக்கையில் இருப்பது எது என்று கேட்டறிதல் நம் உரிமையாகும்.

எடைக்கும் உட்படல நோய்க்கும் உள்ள உறவோ நாம் நினைப்பதற்கு மாறானது. அமெரிக்காவில் செவிலியர் பல்லாயிரவரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வில், மெலிந்த பெண்களிடமே இந்நோய் சற்று மிகுதியாகக் காணப்பட்டது. கொழுப்புத் திசுவும் ஓரளவு ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும் என்பது உண்மையே. எனினும் இந்நோய் தானாகவே கொழுப்பைச் சேர்க்கின்றது என்பதற்குத் தக்க சான்று இல்லை. எடை குறைந்தால் இந்நோய் நீங்கும் என்பதற்கும் சான்று இல்லை. ஒல்லியான பெண் வலியென்று சொன்னால் நடிப்பென்பதும், பருத்த பெண் வலியென்று சொன்னால் எடையென்பதும் ஒரே அறியாமையின் இரு பக்கங்கள்.

நான் செய்த பிழை

நோய் உறுதியானபின் மருத்துவர் எனக்கு டயனோஜெஸ்ட் என்னும் மாத்திரையைத் தந்தார். நாள்தோறும் 2 மில்லிகிராம். சில மாதங்களில் வலி பெரிதும் தணிந்தது. ஆனால் ஓராண்டில் எடை 65 கிலோவாயிற்று. உறவினர் ஒருவர் திருமணப் பந்தலில், 'ஆர்மோன் மாத்திரை ஊதிவிட்டது' என்றார். அன்றிரவே மாத்திரையை நிறுத்திவிட்டேன். மருத்துவரிடமும் சொல்லவில்லை.

ஐந்து மாதத்தில் பழைய வலி முழு வேகத்துடன் திரும்பியது. மாதத்தில் ஆறேழு நாள் படுக்கையிலேயே கழிந்தது. பருவத் தேர்வு நெருங்கிய வேளையில் பாடம் முடியாமல் மாணவியர் தவித்தனர். எடையோ குறையவில்லை, 66 ஆயிற்று! மாத்திரைதான் காரணம் என்றால் நிறுத்தியபின் ஏன் கூடியது? அப்போதுதான், பிற உயிர்களின் உடலை ஆராயக் கற்றுக்கொடுக்கும் நான் என் உடலையும் அவ்வாறே ஆராய வேண்டும் என்று தோன்றியது.

பழைய சீட்டுகள் சொன்ன செய்தி

தகரப் பெட்டியில் கிடந்த மருத்துவச் சீட்டுகளை எல்லாம் எடுத்து அடுக்கினேன். பெரும்பாலானவற்றில் எடை குறிக்கப்பட்டிருந்தது. முதுகலை பயின்றபோது நாட்டு நலப்பணித் திட்ட இரத்ததான முகாமில் தந்த அட்டையும் கிடைத்தது. அவற்றைத் தொகுத்தால் வந்த கணக்கு இது:

22 வயதில் 54 கிலோ.
24 வயதில் 58 கிலோ.
26 வயதில், மாத்திரை தொடங்கிய நாளில் 62 கிலோ.
27 வயதில், மாத்திரையை நிறுத்திய நாளில் 65 கிலோ.
அதன்பின் ஐந்து மாதத்தில் 66 கிலோ.

கூடியது 12 கிலோ. அதில் 8 கிலோ, மாத்திரை என் கைக்கு வருமுன்னரே வந்துவிட்டது. மாத்திரைக் காலத்தில் வந்தது 3 கிலோ மட்டுமே. அதிலும் மாத்திரையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் கூற இயலாது. டயனோஜெஸ்ட் சிலருக்கு எடையைக் கூட்டலாம். பெரும்பாலோர்க்கு அம்மாற்றம் சிறிதே. 1970களில் இந்நோய்க்குப் பரவலாகத் தரப்பட்ட டனசோல் என்னும் பழைய மருந்துதான் எடையைக் கூட்டி, முடியை வளர்த்து, குரலையும் தடிக்கச் செய்யும் என்று பெயர் பெற்றது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை போடும் மெட்ராக்சி புரோஜெஸ்டரோன் ஊசியாலும் சிலருக்கு எடை கூடுவதுண்டு. ஆகவே 'ஆர்மோன்' என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுதல் தவறு.

அப்படியானால் முதல் 8 கிலோ எங்கிருந்து வந்தது? விடை எளிது. ஊரிலிருந்து பேருந்து நிறுத்தத்திற்கு நாள்தோறும் நடந்த நான், வலிக்கு அஞ்சி நடையை விட்டு வண்டி வாங்கினேன். வலி நாட்களில் சமைக்கவும் உண்ணவும் மனமின்றிக் கிடந்துவிட்டு, மாலையில் பேருந்து நிலையத்து பஜ்ஜியும் இனிப்புத் தேநீருமாக ஈடுகட்டினேன். இரவில் உறக்கமில்லை. உறக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும் என்பதும் உடலியல் கண்ட உண்மையே. நோய் நேராக எடையைத் தரவில்லை. வலி என்னை உட்கார வைத்தது, உட்கார்ந்ததால் எடை வந்தது.

வீக்கம் வேறு, கொழுப்பு வேறு

அடுத்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் காலை எடையையும், தையற்கார அளவு நாடாவால் காலையிலும் மாலையிலும் வயிற்றுச் சுற்றளவையும் குறிக்கலானேன். மாதவிலக்கு நாட்களில் காலையில் 86 சென்டிமீட்டராக இருந்த சுற்றளவு மாலையில் 92 ஆயிற்று. பாவாடை நாடா இறுகி மூச்சு முட்டும். மறுநாள் காலை எடையிலோ அரை கிலோ மாற்றமும் இல்லை. பகல் ஒன்றில் ஆறு சென்டிமீட்டர் கொழுப்பு சேர முடியாது. அழற்சியும், குடல் இயக்கம் மந்தமாதலும், வாயு சேர்தலும் உண்டாக்கும் வீக்கம் அது. சில நாளில் வடிந்துவிடும். இதனைக் கொழுப்பென்று எண்ணி முன்பெல்லாம் பட்டினி கிடந்திருக்கிறேன். பட்டினிக்குப் பின் மும்மடங்கு உண்டும் இருக்கிறேன்.

எனவே எடை என்று நாம் சொல்லும் ஒரே சொல்லுக்குள் மூன்று பொருள்கள் உள்ளன: வடிந்துபோகும் வீக்கம், மருந்தால் வரும் சிறு மாற்றம், நடையும் உணவும் உறக்கமும் கெட்டதால் சேரும் கொழுப்பு. இம்மூன்றுக்கும் மருந்து ஒன்றன்று. முதலாவதற்குப் பொறுமையும் வெந்நீர்ப் பையும், இரண்டாவதற்கு மருத்துவரிடம் மனம் திறந்த பேச்சு, மூன்றாவதற்கே முயற்சி. தைராய்டுக் குறைவு போன்ற வேறு காரணம் உண்டா என்று ஓர் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுதல் நன்று.

நான் கைக்கொண்ட முறை

மருத்துவரிடம் சென்று உண்மையை ஒப்புக்கொண்டு மாத்திரையை மீண்டும் தொடங்கினேன். அவர் கடிந்துகொள்ளவில்லை, 'எடை உறுத்தினால் என்னிடம் சொல்லம்மா, வேறு மருந்தும் இருக்கிறது' என்றார். வலி தணிந்தால்தான் நடக்க முடியும். நடந்தால்தான் எடை குறையும். என் பிழை இவ்வரிசையைத் தலைகீழாக்கியதே.

வாரத்திற்கு 150 நிமிடமேனும் நடை போன்ற மிதமான உடலியக்கம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஏரிக்கரையில் நாள் 30 நிமிடம், வாரம் ஐந்து நாள் என்று பிரித்துக்கொண்டேன். வலி நாளில் பத்து நிமிடம் போதும். அதுவும் முடியாவிடில் வருந்துவதில்லை.

உணவில் தட்டின் பாதி காய், கீரை, பழம் என்று வைத்துக்கொண்டேன். 2024 இல் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியும் அதனையே கூறுகின்றது. நம் பகுதியில் விளையும் வரகு நல்ல தானியமே. எனினும் வரகுச் சோறு எடையைக் கரைக்கும் என்பது மிகை. 100 கிராம் வரகரிசியும் 100 கிராம் நெல்லரிசியும் தரும் ஆற்றலில் பெரிய வேறுபாடில்லை. நார்ச்சத்தால் சீக்கிரம் வயிறு நிறையும், அவ்வளவே. ஆண்டிமடத்து முந்திரியும் அவ்வாறே: சத்து மிக்கது, ஆனால் 100 கிராமில் 550 கலோரிக்கு மேல் உண்டு. கைப்பிடி போதும். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 45 கலோரி என்று அறிந்தபின் பஜ்ஜிக் கடையைக் கடந்து நடக்கப் பழகினேன்.

பதினான்கு மாதத்தில் 66 கிலோ 60 ஆயிற்று. என் உயரம் 156 சென்டிமீட்டர். எடையை மீட்டர் கணக்கிலான உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண் 27.1 இலிருந்து 24.7 ஆகியுள்ளது. இந்தியர்க்கு 23க்குக் கீழ் இருத்தல் நலம். ஆகவே இன்னும் செல்ல வேண்டிய தொலைவு உண்டு. 54 கிலோவுக்கு என்றாவது திரும்புவேனா என்பது தெரியாது, திரும்பாவிட்டாலும் குடிமூழ்கிவிடாது. இவ்வாண்டு வலியால் நான் விட்ட வகுப்புகள் நான்கே. அந்த எண்ணே எனக்குப் பெரிது.

முடிவுரை

2019–21 காலத்துத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகப் பெண்களுள் 40.4 விழுக்காட்டினர் மிகை எடையினர். எனவே உட்படல நோயுடையவர்க்கும் எடை கூடியிருத்தல் வியப்பன்று. ஆனால் ஒன்றை மற்றொன்றின் தலையில் சுமத்துவதால் இரண்டுக்குமே மருத்துவம் தவறிப்போகின்றது.

மாணவியரே, மாதவிலக்கு வலி வகுப்புக்கு வர முடியாதபடி முடக்கினாலோ, மலசலம் கழிக்கையில் அந்நாட்களில் வலித்தாலோ, அதனைப் பெண்ணாய்ப் பிறந்த விதி என்று பொறுத்திராதீர்கள். பெரம்பலூரில் மாவட்டத் தலைமை மருத்துவமனை உண்டு. அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் உண்டு. அங்குள்ள மகளிர் நோய்ப் பிரிவுக்குத் தாயையோ தோழியையோ அழைத்துச் செல்லுங்கள். பழைய சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். உங்கள் உடலின் வரலாறு அவற்றில்தான் எழுதப்பட்டுள்ளது. யாரோ பந்தலில் சொன்ன சொல்லுக்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தியவள் சொல்கிறேன்.